பொருளடக்கத்தில் சாகாத அப்பா

கப்பல் எஞ்சின்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. அப்பா பாஸ்கல், தோணித் தண்டல். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். என் கையேடு எதிலும் அவர் பொருளடக்கத்தைத் தாண்டியதில்லை.

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னா மொதல்ல டீ போடணும். அது எத்தனாம் பக்கம்ளா?"

"அது இல்லப்பா."

"பெறகு என்னத்துக்கு புஸ்தகம்?"

அப்பா அம்மாவின் திருமணப் பொன்விழாவுக்கு ஒரு மலர் தயாரித்தேன். ரோஜாப்பூ டெம்ப்ளேட். பெரியதாழையில் அப்பா பிறந்தது, தோணி ஏறியது, புயலில் வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளிவிட்டு முதலாளியைவிட அதிகமாக அழுதது, தோணியை விட்டு இறங்கியது. கடைசி அத்தியாயம் 'பொன்விழா'.

விழாவுக்கு முன்பே அப்பா தூக்கத்தில் போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் மலரின் மார்ஜினைச் சரிசெய்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு அதையே நினைவு மலராக்க வேண்டும். டெம்ப்ளேட்டை மாற்றினேன், ரோஜா போய்ச் சிலுவை வந்தது. 'பொன்விழா'வை அழித்துவிட்டு அப்பாவின் கடைசி நாளை எழுதினேன். தலைப்பு வைக்கவில்லை. பொருளடக்கத்தைப் புதுப்பிக்கப் போனபோது கணினி கேட்டது: பக்க எண்கள் மட்டுமா, முழு அட்டவணையுமா? எண்கள் மட்டும் என்றேன்; அப்படிச் சொன்னால் அழித்த தலைப்பும் பட்டியலிலேயே நிற்கும். அலுவலகத்தில் இப்படிச் செய்பவர்களுக்கு வகுப்பெடுப்பதே நான்தான்.

அச்சகத்திலிருந்து பொன்னுதுரை அண்ணாச்சி கூப்பிட்டார். "தாயி, பொருளடக்கத்துல பொன்விழான்னு போட்டு, பக்கம் இருக்க வேண்டிய எடத்துல 'பிழை'ன்னு கெடக்கு. பூசைக்கு வாரவன் என்ன நெனப்பான்? சாயந்தரத்துக்குள்ள சரிபண்ணி அனுப்பு."

முழு அட்டவணையையும் புதுப்பித்தேன். பொன்விழா மறைந்தது. அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா விரலை வரிவரியாக இறக்கினாள். 'தோணியை விட்டு இறங்கியது' என்பதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"அவரு இந்தப் பக்கத்த மட்டுந்தான் பாப்பாரு. இதுல அவரு சாவவே இல்லியேளா."

"உள்ள எழுதியிருக்கேன்மா. தலைப்புதான் வரல."

"கையேடு எழுதுதாளாம் கையேடு! 'பாஸ்கல் செத்துப்போனாரு'ன்னு எழுது. நான் சொல்லிட்டேன்லா, நீ அடி."

அடித்தேன். தலைப்பு என்று குறித்தேன். கணினி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முழு அட்டவணையும் என்றேன்.