கிருமிராசன் தொட்ட முதுகு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் அருளப்பன் காலமானார் என்ற செய்தி வந்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. முதுகு கூசியது, சிரித்துவிட்டேன். அதியமான்கோட்டையில் என் ஜவுளிக்கடைக்கு வந்து சேதி சொன்ன பஸ் கண்டக்டர், "ஏனுங்க, செத்துப்போனாருங்கறேன், சிரிக்கறீங்க?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, தொழுநோய் இன்ஸ்பெக்டர். அவருடைய சைக்கிள் தெருவில் திரும்பினாலே எங்கள் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள். அவர் வந்துபோன வீட்டில் யாரும் சம்பந்தம் வைக்கமாட்டார்கள் என்ற பயம். கதவைத் தட்டிச் சலித்த மனிதர் கூத்துக் கட்ட ஆரம்பித்தார். கிரீடமும் புஜகீர்த்தியும் வைத்துக் கிருமிராசனாக அவரே ஆடுவார். நடுவே பட்டிமன்றம்: குஷ்டம் வருவது பாவத்தாலா, கிருமியாலா?

வீட்டுக்கு வீடு டி.வி. ஆண்டெனா முளைக்காத ஒரு கோடையில், பொம்மிடி ஆட்டத்தில் பாவத்தின் கட்சிக்குப் பேச ஆள் தேடி என்னிடம் வந்தார்.

"பொய்யை உண்மையாட்டம் பேச உங்களை உட்டா யாருங்க இருக்காங்க?"

புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக என் இடது தோளுக்குக் கீழே வெளுப்பாக ஒரு படை. மூத்தவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், பதில் வரவேண்டிய நேரம். மனைவிக்கும் தெரியக்கூடாதென்று புழுக்கத்திலும் சட்டையோடு படுத்தேன். "கடைத்துணி மேல அத்தனை ஆசையா?" என்று அவள் கேலி செய்தாள்.

மேடையில் பாவத்தின் கட்சிக்காக விளாசித் தள்ளினேன். கூட்டம் விசிலடித்தது. நானோ பேசிக்கொண்டே என் பாவங்களைக் கணக்குப் பார்த்தேன். துணி அளக்கும்போது விரற்கடை குறைப்பதைத் தவிர நான் என்ன பாவம் செய்தேன்?

அப்போது திரையை விலக்கிக்கொண்டு குதித்தார் கிருமிராசன்.

"அடே வாயாடி! உன் முதுகில் என் ராஜ்ஜியம் நடக்கிறதா பார்க்கவேண்டும். கழற்றடா சட்டையை!"

"கழட்டுங்க மாமா, வெக்கப்படாதீங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கழற்றினேன். கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை கோழி இறகு ஒன்று உலாவியது.

"நான் குடியிருக்கும் இடத்தில் தொட்டால் தெரியாது. எங்கே தொட்டேன்? விரலால் காட்டு!"

இறகு அந்தப் படை மேல் ஊர்ந்தது. தெரிந்தது! கூசிக் குலுங்கி, கையைப் பின்னால் வளைத்து அந்த இடத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அழுதேன். "ஐயகோ, இங்கே எனக்கு இடமில்லையே!" என்று கிருமிராசன் மார்பில் அடித்துக்கொண்டார். பாவத்தின் கட்சி சட்டையில்லாமல் தோற்றது.

மறுநாள் தைரியமாக ஆபீசுக்கே போய்ப் படையைக் காட்டினேன். மறுபடி தொட்டுப் பார்த்து, "வெறும் தேமலுங்க, களிம்பு தர்றேன்" என்றார். வாசலில் முந்தின நாள் விசிலடித்த முகங்கள் சில, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. அவர்களில் ஒருவருக்கு அந்த நோயே இருந்தது. அவரிடம் இன்ஸ்பெக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது:

"இதுக்கு மாத்திரை இருக்குங்க, தீந்துரும். ஒளிச்சு வெக்கறதுக்குத்தான் எங்கிட்ட மாத்திரை இல்லை."

அந்த மனிதர் குணமாகி, போன தீபாவளிக்குக் குடும்பத்துக்கே என் கடையில் துணி எடுத்தார். அவர் பேசிய பேரத்தைத்தான் தாங்கமுடியவில்லை. என் மூத்தவளுக்கும் பெண் பார்த்துவிட்டுப் போன இடமே அமைந்தது.

சட்டைக்குள் நான் ஒளித்ததை எப்படியோ கண்டுகொண்டு, என்னை நோகடிக்காமல், ஊர் சிரிக்கச் சிரிக்க என் பயத்தை அவிழ்த்துவிட்ட அந்தக் கழுகுக் கண்ணை எத்தனை பேரிடம் புகழ்ந்திருப்பேன்! கடையைச் சாத்திவிட்டுத் துக்கத்துக்குப் போனேன். அவர் கடைசியாக மேடையில் ஆடி இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியில் படுத்திருந்தவரின் காதுமடலோரம் அரிதாரச் சிவப்பு இன்னும் போகாமலிருந்தது. கிருமியின் ராஜ்ஜியம் ஒழியட்டும். ராசா, நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

அடக்கம் முடிந்ததும் அந்தக் கண்ணின் பெருமையை அவருடைய மனைவியிடமும் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுங்களா? கிரீடம் வெச்சா கண்ணாடி நிக்காதுங்களே. கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுத்தான் மேடை ஏறுவாரு. எதுக்க நிக்கறது ஆளா தூணான்னுகூட அவருக்குத் தெரியாதுங்க."