மீட்டா தேடியும் ஆள் சிக்காத இரைச்சல்

கரூ பாலையில் வானொலித் தொலைநோக்கிகளை நட்ட நாளிலிருந்து மீட்டா ஃபோர்ட்டேனுக்கு இரைச்சல் பிடிக்கும் வேலை. ஆன்டெனாவும் கையுமாகப் பண்ணை பண்ணையாக அலைந்து, விண்வெளியைக் கேட்கவிடாமல் கெடுக்கும் மின்பொறி எந்த மோட்டாரில், எந்த வேலியில் பறக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். பதினோரு வருடத்தில் ஒரு இரைச்சலும் அவளிடம் தப்பியதில்லை.

அன்று அவள் வண்டியைக் கண்டதுமே ஆட்டுப்பண்ணைக்காரர் ஹெர்மனஸ் மாமா வாசலுக்கு வந்து கத்தினார்.

"மறுபடியும் என் மின்வேலிதானா? அதை அணைச்சிட்டா நரி வராம நீயா காவல் இருப்ப?"

"உங்க வேலி இல்ல மாமா. மூணு நாளாத் தேடிட்டேன், இந்தப் பக்கம் யாரோடதும் இல்ல."

"பின்ன எவனோடது?"

"கண் சிமிட்டுறதுக்குள்ள வந்து போயிடுச்சு. வானத்துல ரொம்பத் தூரத்துலேருந்து கிளம்பி முந்நூறு கோடி வருஷம் ஆச்சாம். கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள்னு ஒண்ணு அண்டம் பூரா இருக்காமே, அதுல ஒரு கட்டி செத்த நட்சத்திரத்துல மோதியிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியல."

சொல்லும்போதே அவளுக்குப் புல்லரித்தது. மாமா வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"திரும்ப வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

அவர் கொட்டகைக்குள் போனார். டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்த வேலி ஓய்ந்தது. துப்பாக்கியோடு வெளியே வந்து, ஆட்டுப்பட்டி ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நரியை நான் பாத்துக்கறேன். நீ போய் அதைக் கேளு."