மூக்கக்காவும் தொடுதிரையும்

மீன் வெட்டுகிறவளுக்குக் கை எப்போது காய்ந்திருக்கும்? ஒரு கையில் கத்தி, மறு கையில் வால், இரண்டிலும் செதில். போன் அடித்தால் விரலை வைப்பாள். தொடுதிரை அந்த ஈர விரலை ஏறெடுத்தும் பார்க்காது. ஒருநாள் ஆத்திரத்தில் குனிந்து மூக்கால் ஒரு இழு இழுத்தாள். போன் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மூக்குதான் அவளுக்கு ஆள்காட்டி விரல். சந்தையில் ‘மூக்கக்கா’ என்று பேரும் விழுந்துவிட்டது.

அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. சந்தை வாசலில் போன் ரிப்பேர் பார்க்கும் மருமகன்தான் ஆளுக்கொரு படம் போட்டுக் கொடுத்திருந்தான். ஓட்டல் சமையல்காரருக்குக் கரண்டி. அதற்குப் பக்கத்தில் அவள் தங்கச்சியின் முகம். தங்கச்சியோடு பேச்சு நின்றுபோய் வருஷமாகிறது. தங்கச்சி தன் மகள் கல்யாண விருந்தில், “அக்கா, நீ பரிமாறாத, கை நாறுது” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். மூக்கக்காவும் சும்மா விடவில்லை. அந்தக் கையாலேயே ஒரு அறை கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். முதலில் கூப்பிடுகிறவள் தோற்றவள் என்று இருவருமே வீம்பாக இருந்தார்கள். படத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

மருமகன் மத்தியானத்தில் டீயோடு வந்து கடைமேடையில் உட்காருவான். அவனுக்கு இருக்கிற போனைவிட வரப்போகிற போன்மேல்தான் மோகம்.

“இன்னும் கொஞ்ச காலந்தான் அத்தை. கண்ணாடியே இருக்காது. துணி மாதிரி மடிச்சு இடுப்புல சொருகிக்கலாம்.”

“மடிச்சு வச்சத மறந்து தொவைச்சுட்டா?”

“அப்புறம் அதுவும் போயிடும். உள்ளங்கையே திரையாயிடும்.”

“கையில வர்றது நாளைக்கு முதுகுலயும் வருமே மாப்பிள்ளை! நான் முதுகு சொறிஞ்சா எவனுக்குப் போன் போகும்?”

மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகன் அசரவில்லை.

“கடைசியில தொடவே வேண்டாம் அத்தை. நீங்க யாரை நினைக்கிறீங்களோ, அவங்களுக்குத் தானா போன் போயிடும்.”

மூக்கக்காவின் கத்தி பாதி மீனில் நின்றது.

“நினைச்சாலேவா?”

“நினைச்சாலே.”

“அடப் பாவி! அப்ப மனுசிக்கு மானம் ரோசம் எதுக்கு? அதை அணைச்சு வைக்க ஒரு பொத்தான் இருக்குமா, இருக்காதா?”

“நினைக்காம இருந்தா போதுமே.”

“ஆமா, உங்க மாமியாருக்கு அது ஒண்ணுதான் வராது” என்று முனகிவிட்டு, மீன் தலையை ஒரே போடாகப் போட்டாள்.

மறுநாள் கூட்டமான நேரத்தில் சமையல்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. குனிந்து கரண்டிமேல் மூக்கை வைத்தாள். ஆண்டவன் அவளுக்கு மூக்கைக் கஞ்சத்தனமில்லாமல் கொடுத்திருந்தான். பாதி கரண்டியில், பாதி பக்கத்தில். போதாததற்குத் திரையெல்லாம் தண்ணீர். வீடியோ கால் போய்விட்டது.

“ஐயையோ, என்ன இது, ரெண்டு பொந்து?” என்று போன் அலறியது.

தங்கச்சி குரல்! மூக்கக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். அணைக்க விரலால் குத்தினாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை.

“நான் கூப்பிடலடி. மூக்கு கூப்பிட்டுச்சு.”

“உன் மூக்குக்கு இருக்கிற பாசம் உனக்கு இல்லியேக்கா!”

“ஏன், நீ கூப்பிட்டா உன் விரல் தேஞ்சிடுமா?”

“நீ அறைஞ்சதுல இன்னும் கன்னம் வலிக்குது. விரலைப் பத்திப் பேச வந்துட்டா.”

“கை நாறுதுன்னவ தானேடி நீ!”



“சொல்லியிருக்கக் கூடாதுதான்க்கா” என்றாள் தங்கச்சி. “இந்தப் போன்ல வாசனை வராது. தைரியமாப் பேசு.”

பேசினார்கள். மீனுக்கு நின்றவர்கள் கத்திப் பார்த்து ஓய்ந்து, எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அடுத்த நாள் சந்தைக்கு விடுமுறை. மருமகன் வீட்டுக்கு வந்தபோது மூக்கக்கா குளித்து, கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. தங்கச்சி படத்தின்மேல் மெல்லக் குனிந்து மூக்கை வைத்தாள்.

“கைதான் காஞ்சிருக்கே அத்தை, விரலால தொடலாமே!”

“தொட்டா நான் கூப்பிட்ட மாதிரி ஆயிடும் மாப்பிள்ளை. சும்மா இருங்க, மணி அடிக்குது.”