கடைசி ஓ-ரிங்

பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர்டு ஆனபின் கோவையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் ஏர் ரைஃபிள்களைப் பராமரித்தேன். ஸ்பிரிங், ஸ்க்ரூ எல்லாம் எப்போதும் கையிருப்பு இருக்கும். தொல்லை ஓ-ரிங்கால்தான். காற்றுச் சிலிண்டர் ரைஃபிளோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் சின்ன ரப்பர் வளையம் அது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். "மத்த சாமானோட மொத்தமா ஆர்டர் போட்டுக்கலாமுங்க" என்று செயலாளர் தள்ளிக்கொண்டே போனார்.

மாநிலப் போட்டிக்குக் கிளப் அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஒரே இடம்தான் பாக்கி. கிணத்துக்கடவு நிவேதா சுடவேண்டிய முறை. சிலிண்டரை மாட்டியதும் புஸ்ஸென்று சத்தம். வளையம் கிழிந்திருந்தது. என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

செயலாளர் ஓடிப்போய்ப் பக்கத்து பம்ப் கடையில் ஒன்று வாங்கிவந்தார்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல கெடைக்காத ரிங்குங்களா? அளவு சரியா இருக்குது பாருங்க."

அளவு சரிதான். எதற்கும் பம்ப் கடையில் மாற்று கிடைக்கும் என்று நம்புகிற வியாதி எங்கள் ஊருக்கே உண்டு. ஆனால் அது தண்ணீருக்கென்று செய்த ரப்பர். சிலிண்டரில் இருப்பதோ லாரி டயரைவிடப் பல மடங்கு அழுத்தமான காற்று. அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சுடப்போவது ஒரு பெண் பிள்ளை.

"மாட்ட மாட்டேனுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று கத்திவிட்டேன். நிவேதா அழுதாள். ஆனாலும் நான் மாட்டவில்லை.

முந்தின சுற்றில் சுட்டு முடித்து, அந்த இடத்துக்கு முன்னணியில் இருந்தவள் பல்லடம் கீர்த்தனா. அவளுடையதும் அதே மாடல். பையைத் திறந்து, தனக்கென்று வைத்திருந்த ஒரே ஸ்பேர் வளையத்தை நீட்டினாள்.

"யோசிச்சுக்க கண்ணு" என்றார் அவள் அப்பா.

"யோசிச்சுட்டுத்தானுங்கப்பா எடுத்தேன்."

மாட்டினேன். கசிவு நின்றது. நிவேதா பிரமாதமாகச் சுட்டாள். இடம் அவளுக்குப் போய்விட்டது.

கீர்த்தனா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "உனக்குப் பெரிய மனசு அம்மணி" என்றேன்.

"அதெல்லாம் இல்லைங்க சார். ரொம்ப வலிக்குது. எனக்கும் அடுத்த மேட்ச் வருது, ரிங்கு எப்பத் தருவீங்க?"

அன்றே செயலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆர்டர் போட்டேன். பெட்டியில் ஸ்பேர் இல்லையென்றால், அந்தக் குறையை யாரோ ஒரு பிள்ளை தன் பங்கிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.