சிப்பாயின் கதையில் வந்த லாரி

எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாள்தான் என் நோய் எனக்குத் தெரிந்தது. ஈப்போ நகரத்துச் சிலிபின் பேருந்து நிறுத்தத்தில் வண்டி வந்து நின்றது. படியில் கால் வைத்தேன். எஞ்சினின் அதிர்வு பாதத்தில் பட்டதும் முழங்கால் மடங்கியது. வாயில் மண் ருசித்தது. பேருந்து போய்விட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி மழையில் சறுக்கிக் கவிழ்ந்தது. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமி இறந்துபோனாள். என் வயதுக்காரி, பால்மரம் வெட்டுபவள். கல்லூரிக்கு மனுப் போட ஈப்போவுக்குக் கிளம்பிய என்னோடு, துணி வாங்கலாம் என்று வந்தவள். அதன் பிறகு அம்மா தோட்டத்து வேலையை விட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு சிலிபினுக்குக் குடிவந்து வேறு வேலையில் சேர்ந்தார்.

எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதியவள் நான் ஒருத்திதான். கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பத்து வாரத்தில் போய்ச் சேர வேண்டும்; தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பேருந்து, கார், ரயில் எதிலும் என்னால் ஏற முடியவில்லை.

மருத்துவமனைக்கு நடந்தே போனேன். நரம்பில் பழுதில்லை என்று சொல்லி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எங்கள் பக்கம் யாராவது சற்று முறை மாறி நடந்தால் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு” என்று சிரிப்பார்கள். அங்கேதான் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் டிவி இருந்தது. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஓர் ஆங்கில நாடகம் வரும். போரிலிருந்து திரும்பிச் சிகிச்சை பெறும் சிப்பாய்களின் கதை. கீழே மலாய் எழுத்து ஓடும். அக்காவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. நான் முன்னால் உட்கார்ந்து தமிழில் சொல்லுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அந்த வாரம், நெடுநாள் வாய் திறக்காத ஒரு சிப்பாயிடம், “அந்த நாளைக் காலையிலிருந்து சொல்” என்றார் நாடகத்து மருத்துவர். ஆறு, படகு, கூட்டாளி என்று அவன் சொல்லச் சொல்ல நானும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“மழை பெய்யுதாம். இவன் ஓரத்துல உக்காந்திருந்தானாம். சர்ட்டிபிகேட் பைல் நனையுதுன்னு கூட்டாளிய ஓரத்துக்கு மாறச் சொன்னானாம். அப்பதான் லாரி சறுக்கி…”

“ஏய், நில்லு,” என்றார் பாக்கியம் அக்கா. “படகுலதானே போறானுங்க? லாரி எங்கேருந்து வந்துச்சி? சிப்பாய்க்கு எதுக்குடி சர்ட்டிபிகேட்டு?”

நான் நிறுத்திவிட்டேன். திரையில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அம்மா திரையைப் பார்க்கவில்லை.

“நீயா லெட்சுமிய மாறச் சொன்ன?” என்று கேட்டார்.

தலையசைத்தேன்.

“இத்தன நாளா இத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டா திரிஞ்ச?”

அக்கா எழுந்து டிவியை அணைத்தார். “என் வாய் சும்மா இருக்காதுலா. இரு, தேத்தண்ணி போடுறேன்.”

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. மடித்த சீட்டோடு என்னை மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போனார். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். எனக்கு வந்திருப்பது மனவடு (ஆபத்து முடிந்த பிறகும் உடல் அதற்குள்ளேயே இருப்பதாக நம்புவது) என்றார். நாடகத்தில் நடந்ததைச் சொன்னேன். முடிவைப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன்.

“நான் பாத்தேன். ஒரு தடவ அழுதான், சரியாப் போச்சு,” என்று டாக்டர் சிரித்தார். “அவங்களுக்கு ஒரு மணி நேரத்துல முடிக்கணும்லா. நீங்க இங்க பல தடவ வரணும்.”

பல தடவை போனேன். ஒவ்வொரு முறையும் லாரி கவிழ்ந்த இடத்தில் நிறுத்துவேன். “அதுக்கப்புறம்?” என்று கேட்பார். எனக்கு அதற்கப்புறம் என்று ஒன்றே இல்லை. ஐந்தாவது முறைதான் அது வந்தது. சேற்றில் கிடந்த சர்ட்டிபிகேட் பைலை முதலில் எடுத்தேன். பிறகுதான் அவளைத் தேடினேன்.

டாக்டர் அதை மறுக்கவில்லை. “பயந்த கை பக்கத்துல கெடக்குறதத்தான் எடுக்கும். அப்புறம் தேடுனீங்கதானே? அதையும் விடாமச் சொல்லுங்க.”

முறிந்த கையோடு தேடியிருக்கிறேன். இத்தனை மாதமாக அது என் நினைவில் இல்லை.

பிறகு படிநிலைப் பழக்கம் (அஞ்சுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது) தொடங்கியது. நிற்கும் பேருந்தின் அருகில் ஒரு வாரம் நின்றேன். படியில் ஏறி இறங்கியது அடுத்த வாரம். “ஏறப் போறியா தங்கச்சி, இல்ல வண்டிய வெல பேசப் போறியா?” என்று ஓட்டுநர் கேட்டார். வெட்கத்தோடு ஏறினேன். ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கி வாந்தி எடுத்தேன். மறுநாளும் போனேன்.

இதே நிலையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாடகம் என்னைக் குணப்படுத்தவில்லை. அடுத்தவர் கதை என்ற நினைப்பில் என் நாக்கு காவலை விட்டது, அவ்வளவுதான். ஒரு கதையைப் பார்க்கும்போது உங்களுக்கு மூச்சு முட்டினால், எந்த இடத்தில் முட்டியது என்று கவனியுங்கள். அந்த இடத்தை ஒரு மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஒரே மணி நேரத்தில் சரியாகவில்லையே என்று மட்டும் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

பத்தாவது வாரம் அம்மாவும் நானும் கோலாலம்பூர் பேருந்தில் ஏறினோம். வழியில் சிலிம் ரிவர் என்ற ஊர் அருகே மாடு குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார்.

“கிள்ளாதடி, வலிக்குது,” என்றார் அம்மா. என் விரல்கள் அவர் தொடையில் பதிந்திருந்தன. இறங்கி ஓடத் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

லெட்சுமியை நினைப்பது குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் என் உடலுக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. அன்று அது பல மைல் தாண்டி, தஞ்சோங் மாலிம் வரும்போது சேர்ந்தது. இப்போதெல்லாம் சில நாட்களில் அடுத்த மைல்கல் வருவதற்குள் சேர்ந்துவிடுகிறது.