மெமரி ஃபுல்

என் மேஜை இழுப்பறையில் ஒரு மெமரி கார்டு கிடக்கிறது. அதன் பித்தளை நிறப் பற்கள் பச்சை பூத்துவிட்டன. எந்த போனிலும் இனி அது பேசாது. ஆனாலும் தூக்கிப்போட மனம் வருவதில்லை.

2005இல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருந்தேன். உப்பளத்து மேஸ்திரி ஒருவர் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக என்னிடம் வருவார். துபாயிலிருக்கும் மகன் கொடுத்துப்போன போன் அவருடையது. ஒருநாள் அதில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு நிறுத்தத் தெரியாமல் அடுப்படியில் வைத்திருக்கிறார் அவர் மனைவி. கோழியைத் திட்டுவது, பாத்திரம் உருட்டுவது, கடைசியில், "ஏங்க, மழ வர்ற மாதிரி இருக்குது, உப்ப மூடிட்டு வாங்க." அந்த அம்மா இறந்தபின் மிஞ்சியது அந்த நீளப் பதிவுதான். போனின் இடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. கூப்பிட்டால் காசு கரையுமென்று மகன் மெசேஜ்தான் அனுப்புவான். ஒன்றும் உள்ளே வரவில்லை.

பதிவைக் கார்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. கார்டுதான் கிடைக்கவில்லை. சென்னை மொத்த வியாபாரியைக் கேட்டால், "சட்டப்பையில வச்சிக் கேக்கிற பாட்டுப் பொட்டி செய்றவங்க சிப்பெல்லாம் வாரிக்கிட்டாங்க சார், போன் கார்டுக்கு எங்க வருது" என்பார். உலகமே பாட்டுக் கேட்பதற்காக எங்கள் மேஸ்திரி காத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வரும். "இத அழிச்சிட்டா மகன் மெசேஜ் வந்துடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"அவன் மறுபடி அனுப்புவான்பா. இவ மறுபடி பேசுவாளா?"

மறு வருஷம் நிலைமை தலைகீழானது. யார் யாரோ சிப் தொழிற்சாலை திறந்தார்களாம், கார்டுகள் கடலை மிட்டாய் மாதிரி வந்து குவிந்தன. ஒன்றில் பதிவை மாற்றிக் கொடுத்தேன். போட்டுக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், "இப்ப போன்ல அழிச்சிடு" என்றார்.

ஐப்பசி மழை விட்ட பிறகு கார்டோடு வந்தார். பத்திரமாக இருக்கட்டுமென்று அதைப் போனிலிருந்து கழற்றி வீட்டு உப்பு ஜாடிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். ஈரக் காற்றில் உப்பு நீர்விட்டு, கார்டு அதில் ஊறிவிட்டது. "கருவாடு, மாங்கா, உப்புல வச்சது எது கெட்டுச்சு? இரும்பத்தான உப்பு தின்னும், இது பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன்."

எவ்வளவோ துடைத்துப் பார்த்தேன், பதிவு வரவில்லை. அவர் மேஜை மேல் வைத்திருந்த போன் அப்போது கிணுகிணுத்தது. மகனின் மெசேஜ். அவர் அதைத் திறக்கவில்லை.

"எடம் நெறைய இருக்குது இல்ல இப்ப?" என்று மட்டும் கேட்டார். கார்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

இன்று என் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள், பாட்டுகள். இன்னும் பாதி இடம் காலி. வீட்டில் தனியாள். வானம் இருட்டினால் இழுப்பறையைத் திறந்து அந்தக் கார்டைப் பார்ப்பேன். மழை வருகிறதென்று எனக்குச் சொல்லவும் யாருமில்லை.