பக்கத்து வீட்டில் கொடுத்த மாத்திரை

ஒலக்கூர் பக்கத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பது என் வேலை. ஒருநாள் செல்வியின் வீடு பூட்டியிருந்தது. கடலைக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். மறுபடி வரச் சோம்பல்பட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

“சுகர் மாத்திரையா?” என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். “இல்லக்கா, டி.பி.க்கு” என்று திருத்தினேன்.

மறுவாரம் செல்வி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். “யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல. மூஞ்சத் திருப்பிக்கினு போறாங்க. உங்கள நம்பித்தானே மேடம் சொன்னேன்?”

அந்த அக்காவைக் கேட்டேன். “நீ சொன்னதத்தான சொன்னேன்” என்றார்.

இப்போதெல்லாம் வீடு பூட்டியிருந்தால் மாத்திரையோடு திரும்பிவிடுகிறேன். செல்வியோ திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏறிப்போய் வாங்கிக்கொள்கிறாள்.

செல்வி என்பது அவள் பெயரல்ல. இந்த ஜாக்கிரதை எனக்கு அன்றைக்கு இருந்திருக்க வேண்டும்.